ரோமானிய அடியும் தமிழ்ப் பக்கமும்

இரும்பையில் மாகாளேஸ்வரர் கோயிலைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஆரோவில் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் தெற்கே, புதுச்சேரியையும் தாண்டிப் போனால் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு வரும். ஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலமும், ரோமானியச் சரக்கு வந்திறங்கிய பழந்துறையும் ஒரே நாளில் பார்த்து முடிக்கக்கூடிய தொலைவில் இருக்கின்றன. வானூர் வட்டாரத்துக்கு ஒரு கையேடோ, பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு விளக்கத் தட்டியோ தயாரிப்பவர்கள் இந்த இரண்டில் ஒன்றையும் விட மாட்டார்கள்.

அளவுச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எழுதிக் கொடுப்பவர், "இந்த இடத்தில் ஒரு ரோமானிய அடி நீளத்துக்குக் கோடு வர வேண்டும்" என்று குறித்து அனுப்புவார். திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ டிடிபி செய்பவரின் திரையில் பாயிண்டும் பைக்காவும்தான் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் கணக்கு நான்கு வரிக்கு மேல் வராது. ஆனால் கணக்கைத் தொடங்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: எந்த அடி? எந்தப் பாயிண்ட்? இவற்றைக் கேட்காமல் போட்ட கணக்கு, பெருக்கலில் பிழையே இல்லாவிட்டாலும், தவறாகத்தான் முடியும்.

எந்த அடி?

அரிக்கமேட்டைப் பற்றிப் படிக்கிறவர் கையில் மூன்று விதமான அடிகள் வந்து சேரும்.

வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்தீ, இந்த இடத்தின் பழைய இடிபாடுகளைக் குறித்து எழுதியிருக்கிறார். அவர் காலத்துப் பிரெஞ்சு எழுத்துகளில் 'அடி' என்று வந்தால் அது பிரெஞ்சு அரச அடி, 324.84 மி.மீ. மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழ்ந்து, 1946இல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் வெளியிட்ட அறிக்கையில் இருப்பது ஆங்கில அடி, 304.8 மி.மீ. அங்கே கிடைத்த அரிட்டைன் சிவப்பு மட்பாண்டங்களைச் செய்த இத்தாலிய நாட்டில் வழங்கியது 'பெஸ்' என்னும் ரோமானிய அடி, சுமார் 296 மி.மீ.

மூன்றுக்கும் தமிழில் 'அடி' என்றே எழுதிவிடுகிறோம். 100 அடியை மீட்டராக்கினால் முதலாவது 32.48, இரண்டாவது 30.48, மூன்றாவது 29.6. மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வேறுபாடு. ஒரு சிறிய அறையே இடையில் காணாமல் போய்விடும்.

வீலர் கண்ட செங்கல் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். கிட்டங்கி என்று அவர் கருதிய அதன் நீளம் சுமார் 150 ஆங்கில அடி, அதாவது ஏறக்குறைய 45.7 மீட்டர். அதை 150 பெஸ் என்று நினைத்து வரைபடம் போட்டால் 44.4 மீட்டர்தான் வரும், கட்டடம் 1.3 மீட்டர் குட்டையாகிவிடும். சரியாக மாற்றினால் 154 பெஸ்ஸைக் கொஞ்சம் தாண்டும். எண் முழுமையாக வரவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. அரிக்கமேட்டுக் கொத்தர்கள் ரோமானிய அளவுகோலை வைத்துக் கட்டினார்கள் என்று கொள்ள எந்தக் கட்டாயமும் இல்லை. ரோமானியப் பொருள் கிடைத்த இடம் என்பதும், ரோமானிய அளவில் கட்டிய இடம் என்பதும் வேறு வேறு செய்திகள். ஒரு நீளம் பெஸ்ஸில் முழு எண்ணாக வகுபடுவதை மட்டும் சான்றாக வைத்து எதையும் எழுதக் கூடாது.

பெஸ்ஸுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ரோம் நகரில் ஜூனோ மொனேட்டா கோயிலோடு தொடர்புடைய நிலையளவு, 'பெஸ் மொனேட்டாலிஸ்' எனப்படும். இதை அறிஞர்கள் 295.7 மி.மீ. என்றோ, முழுமையாக்கி 296 மி.மீ. என்றோ எடுத்துக்கொள்வார்கள். இது தவிர, பேரரசின் வடக்கு எல்லைப் பகுதியில் 'பெஸ் ட்ருசியானுஸ்' என்ற நீண்ட அடியும் வழங்கியது. அது வழக்கமான அடியைவிட எட்டில் ஒரு பங்கு கூடுதல், அதாவது 333 மி.மீ. தமிழ்நாட்டுத் துறைமுகங்களைப் பற்றிய வேலைக்கு முதல் வகைதான் பொருந்தும். இந்த அத்தியாயம் முழுவதும் 1 பெஸ் = 296 மி.மீ. என்றே வைத்துக்கொள்கிறோம்.

விரல், உள்ளங்கை, முழம்

ஒரு பெஸ்ஸை ரோமானியர்கள் இரண்டு விதமாகப் பிரித்தார்கள். பதினாறாகப் பிரித்தால் ஒரு பங்கு டிஜிட்டஸ், அதாவது விரல். பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு உன்கியா. நான்கு விரல் சேர்ந்தது பால்மஸ். நான்கு பால்மஸ் ஒரு பெஸ். ஒன்றரைப் பெஸ் ஒரு குபிட்டஸ். ஐந்து பெஸ் ஒரு பாஸஸ். ஆயிரம் பாஸஸ் சேர்ந்தால் ரோமானிய மைல், 1,480 மீட்டர்.

கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் மூன்றாம் பகுதியில் பதினாறு விரல் கணக்கை விளக்குகிறார். கி.பி. 97இல் ரோம் நகரின் நீர் விநியோகத்துக்குப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ், குழாய்களை அளக்க விரலும் உன்கியாவும் இரண்டுமே வழக்கில் இருந்ததைப் பதிவு செய்கிறார். அவர் காலத்தின் அடிப்படைக் குழாயான 'குவினாரியா'வின் விட்டம் ஒன்றேகால் விரல். நம் அளவில் அது 23.1 மி.மீ. நீர்வழிகளைப் பற்றிய பாடநூலில் அந்தக் குழாயின் வாயை உண்மை அளவில் காட்ட 65.6 பாயிண்ட் விட்டமுள்ள வட்டம் போதும்.

தமிழ் வாசகருக்கு இந்த வரிசை அந்நியமாகத் தோன்றாது. ரோமானிய குபிட்டஸில் 24 விரல். நம் மரபிலும் 12 விரல் ஒரு சாண், 24 விரல் ஒரு முழம். அமைப்பு ஒன்றாக இருப்பதால் நீளமும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சோழர் கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோலும் பதினாறு சாண் கோலும் தனித்தனியாகக் குறிக்கப்படுகின்றன. நம் ஊரிலேயே கோலுக்குக் கோல் அளவு மாறியது. கையேட்டில் ரோமானிய விரலையும் தமிழ் விரலையும் அடுத்தடுத்துக் காட்டுகிறவர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மில்லிமீட்டரைப் போட்டுவிடுவது நல்லது.

எந்தப் பாயிண்ட்?

அடியில் மட்டும் குழப்பம் என்று நினைத்துவிட வேண்டாம். பாயிண்டிலும் குறைந்தது மூன்று உண்டு.

இன்று கணினியில் வரும் பாயிண்ட், ஓர் அங்குலத்தில் சரியாக 72இல் ஒரு பங்கு, 0.3528 மி.மீ. 1980களில் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி வந்தபோது நிலைபெற்ற அளவு இது. பன்னிரண்டு பாயிண்ட் ஒரு பைக்கா. ஆறு பைக்கா ஓர் அங்குலம்.

ஈய எழுத்துக் காலத்துப் பாயிண்ட் இதைவிட மிகக் கொஞ்சம் சிறியது. 1886இல் அமெரிக்க எழுத்துவார்ப்பாளர்கள் கூடி, 83 பைக்கா சேர்ந்தால் 35 செ.மீ. என்று முடிவு செய்தார்கள். அந்தக் கணக்கில் ஒரு பாயிண்ட் 0.3514 மி.மீ. ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 72.27 வரும். கணித நூல்கள் அச்சிடப் பயன்படும் டெக், லேடெக் மென்பொருள்களில் 'பிடி' என்று தட்டினால் இன்றும் இந்த அளவுதான் கிடைக்கும். கணினிப் பாயிண்ட் வேண்டுமென்றால் அங்கே 'பிபி' என்று கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பாரிஸ் அச்சுக் குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சுவா அம்ப்ருவாஸ் தீதோ 1780களில் வகுத்த தீதோ பாயிண்ட். பிரெஞ்சு அரச அடியின் அங்குலத்தை 72ஆகப் பிரித்தது அது. ஒரு பாயிண்ட் 0.376 மி.மீ. பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சிசெரோ, 4.51 மி.மீ.

இரும்பை வட்டாரத்தில் பழைய அச்சு நூல்களோடு வேலை செய்பவர்களுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. இரும்பை ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டில் இருந்தது. சில கிலோமீட்டரில் பிரெஞ்சுப் புதுச்சேரி. 1954 நவம்பர் 1ஆம் தேதி வரை அங்கே பிரெஞ்சு நிர்வாகம் நடந்தது. ஒரு நாட்டின் அச்சு மரபில் சிசெரோ, மற்றதில் பைக்கா. ஆகவே பழைய புதுச்சேரிப் பதிப்பு ஒன்றை மறுபதிப்புச் செய்யும்போது, '12 பாயிண்ட்' என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது. இடைவெளி விடாமல் நெருக்கிக் கோத்த 20 வரிகளை, முதல் வரியின் அடிக்கோட்டிலிருந்து 21ஆம் வரியின் அடிக்கோடு வரை, எஃகு அளவுகோலால் அளக்க வேண்டும். 84 மி.மீ. அருகில் வந்தால் பைக்கா வழி, 90 மி.மீ. அருகில் வந்தால் சிசெரோ வழி. வரிகளுக்கிடையே லெட் என்னும் ஈயத் தகடு வைத்துக் கோத்திருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. அப்போது மில்லிமீட்டரை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போகலாம்.

ஒரே பெஸ்ஸை இந்த மூன்றிலும் சொன்னால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். கணினிப் பாயிண்டில் 839. அமெரிக்கப் பாயிண்டில் 842. தீதோவில் 787. 'ஒரு ரோமானிய அடி 842 பாயிண்ட்' என்று யாரோ எழுதியதை நம்பி, கணினிக் கட்டத்தில் 842 என்று அடித்தால் நீளம் 297 மி.மீ. ஆகிவிடும். தீதோ எண்ணை அப்படியே அடித்தால் 278 மி.மீ. ஆகச் சுருங்கும், கிட்டத்தட்ட ஒரு விரல் அளவு போய்விடும்.

நடுவில் மில்லிமீட்டர்

பழைய அளவிலிருந்து பாயிண்டுக்கு நேராகத் தாவாமல், எப்போதும் மில்லிமீட்டரில் ஒருமுறை இறங்கி ஏறுவதுதான் பாதுகாப்பான வழி. மில்லிமீட்டர் மட்டுமே இந்தக் கணக்கில் யாருக்கும் இரண்டு பொருள் தராத அளவு. நான்கு படிகள்:

1. மூலத்தில் உள்ள அளவு எந்த வகை என்று எழுதுக: பெஸ், ஆங்கில அடி, பிரெஞ்சு அடி.
2. அதை மில்லிமீட்டராக்குக. பெஸ் என்றால் 296ஆல் பெருக்குக. விரல் என்றால் 18.5ஆல் பெருக்குக.
3. வரையும் விகிதத்தால் வகுக்க. உண்மை அளவு என்றால் இந்தப் படி வேண்டாம்.
4. கணினிப் பாயிண்டுக்கு 2.8346ஆல் பெருக்குக. தீதோ வேண்டுமென்றால் 0.376ஆல் வகுக்க.

கணினிப் பாயிண்டில் பட்டியல் இப்படி வரும்:

டிஜிட்டஸ்: 18.5 மி.மீ. = 52.4 பாயிண்ட் = 4 பைக்கா 4.4 பாயிண்ட்
உன்கியா: 24.67 மி.மீ. = 69.9 பாயிண்ட் = 5 பைக்கா 9.9 பாயிண்ட்
பால்மஸ்: 74 மி.மீ. = 209.8 பாயிண்ட் = 17 பைக்கா 5.8 பாயிண்ட்
பெஸ்: 296 மி.மீ. = 839.1 பாயிண்ட் = 69 பைக்கா 11.1 பாயிண்ட்
குபிட்டஸ்: 444 மி.மீ. = 1,258.6 பாயிண்ட் = 104 பைக்கா 10.6 பாயிண்ட்
பாஸஸ்: 1,480 மி.மீ. = 4,195.3 பாயிண்ட் = 349 பைக்கா 7.3 பாயிண்ட்

இன்டிசைன், ஸ்கிரைபஸ் போன்ற மென்பொருள்களில் நான்காவது படியை மனிதர் செய்யவே வேண்டாம். அளவு கேட்கும் கட்டத்தில் 18.5 என்று அடித்து, பக்கத்திலேயே மில்லிமீட்டருக்கான குறியையும் சேர்த்துவிட்டால், ஆவணம் எந்த அலகில் இருந்தாலும் அதுவே மாற்றிக்கொள்ளும். பட்டியல், வந்த எண் சரியா என்று சரிபார்க்கத்தான்.

முழு எண்ணாக்கும் வேலையைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். விரலை முதலிலேயே 52 பாயிண்ட் என்று சுருக்கி, பதினாறால் பெருக்கினால் பெஸ் 832 பாயிண்ட் ஆகும். உண்மையான விடையைவிட 7 பாயிண்ட் குறைவு. தாளில் இரண்டரை மில்லிமீட்டர். அதே விரலை வைத்து மைல் வரை போனால் பிழை 12 மீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கணிப்பொறி காட்டுகிறது என்பதற்காக 839.0551 என்று நான்கு தசம இடம் எழுதுவது. 295.7 மி.மீ. என்று எடுத்தவருக்கும் 296 மி.மீ. என்று எடுத்தவருக்கும் இடையிலேயே 0.85 பாயிண்ட் வேறுபாடு இருக்கிறது. ஆகவே முழுப் பெஸ்ஸுக்கு முழுப் பாயிண்ட் போதும். ஒற்றை விரலுக்கு ஒரு தசம இடம் போதும். அதற்கு மேல் வரும் இலக்கங்களுக்கு மூலத்தில் ஆதாரம் கிடையாது.

ஏ4 தாளில் ஒரு பெஸ்

ஏ4 தாளின் நீளம் 297 மி.மீ. பெஸ்ஸைவிட ஒரு மில்லிமீட்டர்தான் அதிகம். வகுப்பறையில் இதைவிட எளிய பாடக்கருவி கிடைக்காது: ஒரு ஏ4 தாளை நிமிர்த்திப் பிடித்தால் அதுவே ரோமானிய அடி. நான்கு முறை பாதியாக மடித்து விரித்தால் பதினாறு பட்டைகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு டிஜிட்டஸ். ஏ5 தாளின் அகலமான 148 மி.மீ. சரியாக அரைப் பெஸ்.

கையில் பிடித்துக் காட்ட நல்ல தாள், அச்சிடச் சிக்கலான தாள். அலுவலகப் பிரிண்டர்கள் தாளின் ஓரத்தில் சில மில்லிமீட்டரை வெறுமையாக விட்டுவிடும். 296 மி.மீ. கோட்டை ஏ4 தாளில் அடித்தால் இரு முனையும் வெட்டுப்படும். அல்லது பிரிண்டர் தானாகவே 'பக்கத்துக்குள் அடக்கு' என்று எல்லாவற்றையும் சுருக்கிவிடும். முழுப் பெஸ் வேண்டுமானால் ஏ3 தாளின் 420 மி.மீ. பக்கத்தில் போட வேண்டும்.

சிறிய நூலில் உண்மை அளவு தேவைப்படாது. அப்போது விகிதத்தையும் ரோமானிய வரிசையிலிருந்தே எடுத்துக்கொண்டால் கணக்கு இலகுவாகும். 1:4 என்று வரைந்தால் ஒவ்வொரு பெஸ்ஸும் ஒரு பால்மஸ் ஆகிவிடும். 1:16 என்றால் ஒவ்வொரு பெஸ்ஸும் ஒரு விரல். அரிக்கமேட்டில் உடைந்த ஆம்போரா சாடிகள் நிறையக் கிடைத்தன. 'ஆம்போரா' ரோமில் ஒரு கொள்ளளவின் பெயரும்கூட: எல்லாப் பக்கமும் ஒரு பெஸ் உள்ள கனசதுரம், நம் கணக்கில் சுமார் 26 லிட்டர். அந்தக் கனசதுரத்தின் முகத்தை 1:4இல் வரைந்தால் 74 மி.மீ. சதுரம், 209.8 பாயிண்ட். ஏ5 பக்கத்தில் விளக்கக் குறிப்போடு சேர்த்து இடம் மிச்சம் இருக்கும். சாடிகள் எல்லாம் 26 லிட்டர் பிடித்தன என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. ஊருக்கு ஊர் அவற்றின் வடிவமும் கொள்ளளவும் மாறின.

வரைபடத்தில் மைல்

இந்திய நில அளவைத் துறையின் நிலப்பட வரிசையில் பரவலாகக் கிடைப்பது 1:50,000 விகிதம். இரும்பை, ஆரோவில், அரிக்கமேடு மூன்றையும் காட்டும் படத்துக்கு இந்த விகிதம் வசதி. இதில் ஒரு ரோமானிய மைல் 29.6 மி.மீ., அதாவது 83.9 பாயிண்ட். 7 பைக்கா என்பது 84 பாயிண்ட். பத்தில் ஒரு பாயிண்ட் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அளவுகோல் பட்டையை மைலுக்கு 7 பைக்கா என்று துணிந்து போடலாம். ஐந்து மைல் பட்டை ஏ5 தாளின் முழு அகலத்தையும் பிடித்துவிடும் என்பதால் நான்கு மைலோடு, 28 பைக்காவோடு, நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மைலைத் தவிர இன்னொரு தூர அளவும் குறுக்கே வரும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்ரேயக் கடல் பெரிப்ளுஸ்' கிரேக்கத்தில் எழுதப்பட்டது. பொதுகே என்ற துறையை அது குறிப்பிடுகிறது. அரிக்கமேடுதான் அது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அந்த நூல் தூரத்தை ஸ்டேடியத்தில் சொல்லும். ரோமானியக் கணக்கில் ஒரு ஸ்டேடியம் 625 பெஸ், 185 மீட்டர், மைலில் எட்டில் ஒரு பங்கு. 1:50,000 படத்தில் அது 3.7 மி.மீ., 10.5 பாயிண்ட். ஆனால் கிரேக்க நாடுகளில் ஸ்டேடியம் ஒரே அளவாக இருந்ததில்லை. பெரிப்ளுஸின் தூரங்களைப் படத்தில் ஏற்றும்போது எந்த நீளத்தை எடுத்துக்கொண்டோம் என்பதைப் படத்தின் ஓரத்திலேயே அச்சிட வேண்டும்.

முசிறியை அகஸ்டஸ் கோயிலோடு காட்டும் பியூட்டிங்கர் நிலப்படத்திலும் இதே எச்சரிக்கை தேவை. அந்தப் படத்தின் எண்கள் பொதுவாக ரோமானிய மைல். கால் (Gaul) நாட்டுப் பகுதியில் லியூகா, அதாவது ஒன்றரை மைல், 2,220 மீட்டர். ஒரே படத்துக்குள்ளேயே அலகு மாறுகிறது.

விரலால் வகுத்த பக்கம்

அளவுகளை மாற்றுவது படத்துக்கும் கோட்டுக்கும் மட்டும் அல்ல. பக்க அமைப்புக்கும் உதவும். தமிழ்ப் பதிப்பாளர்களுக்குப் பழகிய டெமி அளவு நூலை எடுத்துக்கொள்வோம்: ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், ஏறக்குறைய 140க்கு 216 மி.மீ. ரோமானிய வணிகத்தைப் பற்றிய நூலுக்கு அதன் எழுத்துப் பரப்பை விரலாலேயே வகுக்கலாம்.

உயரம் 10 விரல்: 185 மி.மீ., 524.4 பாயிண்ட். அகலம் 6 விரல்: 111 மி.மீ., 314.6 பாயிண்ட். மேலும் கீழும் சேர்த்து 31 மி.மீ., இரு பக்கமும் சேர்த்து 29 மி.மீ. ஓரம் கிடைக்கும். ஒரு விரலில் நான்கு வரி என்று வைத்தால் வரிக்கு வரி 13.11 பாயிண்ட், பக்கத்துக்குச் சரியாக 40 வரி. பத்து அல்லது பத்தரைப் பாயிண்ட் தமிழ் எழுத்துக்கு இந்த வரி இடைவெளி பெரும்பாலும் ஒத்துவரும். கொக்கிகள் மேலே உயர்ந்தும் கீழே இறங்கியும் வரும் எழுத்துருவாக இருந்தால், 'கீ', 'ஞூ', 'ணூ' போன்றவற்றை அடுத்தடுத்த வரிகளில் வைத்து இடிக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். அடிக்கோட்டுக் கட்டத்தை 13.11 என்று பூட்டிவிட்டால், நான்கு வரி உயரமுள்ள படம் ஒரு விரல், பதினாறு வரி உயரமுள்ள படம் ஒரு பால்மஸ். படங்கள் எழுத்தோடு தாமாகவே ஒட்டி நிற்கும்.

உன்கியாவை வைத்து வகுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது 70 பாயிண்டுக்கு மிக அருகில் இருப்பதால், ஐந்து வரி வைத்தால் வரிக்கு வரி 14 பாயிண்ட் என்று வசதியாக வரும். ஆனால் உன்கியாவுக்கும் ஆங்கில அங்குலத்துக்கும் இடையே இரண்டு பாயிண்ட்தான் வேறுபாடு. அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடுவது எளிது. ஒரு நூலுக்குள் இரண்டும் வருமானால், விரலைத் தேர்வதே பிழைக்கு இடம் கொடுக்காத வழி.

எழுத்தின் உயரம்

பாயிண்ட் அளவு எழுத்தின் உயரம் அல்ல. இதை மறந்தால் மேலே செய்த எல்லாக் கணக்கும் கடைசியில் கோணும். 100 பாயிண்ட் என்பது எழுத்து உட்கார்ந்திருக்கும் கட்டத்தின் உயரம், 35.3 மி.மீ. எழுத்து அதற்குள் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும்.

கி.பி. 113இல் நிறுவப்பட்ட ட்ராஜன் தூணின் அடிப்பீடக் கல்வெட்டு, ரோமன் பேரெழுத்துகளுக்கு இன்றும் முன்மாதிரி. 1989இல் கரோல் டுவாம்ப்ளி அடோபிக்காக வடிவமைத்த 'ட்ராஜன்' எழுத்துரு அதிலிருந்து பிறந்தது. கல்லில் அந்த எழுத்துகள் சுமார் 10 செ.மீ. உயரம், மேல் வரிகளில் கொஞ்சம் பெரியவை, கீழ் வரிகளில் கொஞ்சம் சிறியவை. 100 மி.மீ. என்றால் 283 பாயிண்ட் என்று கணக்குச் சொல்லும். அந்த எண்ணை எழுத்துரு அளவாகக் கொடுத்தால் கல்லெழுத்தைவிடக் குட்டையான எழுத்துதான் வரும். பேரெழுத்து கட்டத்தில் பத்தில் ஏழு பங்கு பிடிக்கும் எழுத்துருவானால் 405 பாயிண்ட் தேவை.

தமிழுக்கும் இதே முறைதான். தேர்ந்தெடுத்த எழுத்துருவில் 'ப' என்ற எழுத்தை 100 பாயிண்டில் அடித்து, அவுட்லைனாக மாற்றி, அதன் உயரத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். வேண்டிய உயரத்தை அந்த உயரத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் கொடுக்க வேண்டிய பாயிண்ட் கிடைக்கும். 'ப' 20 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொண்டால், ஒரு விரல் உயரத்துக்கு 92.5 பாயிண்ட். எழுத்துருவை மாற்றினால் அளவையும் மறுபடி எடுக்க வேண்டும்.

வீலரின் அறிக்கையில் வரும் அரிட்டைன் ஓடுகளில் விபி, கமுரி, இட்டா என்ற குயவர் முத்திரைகள் உண்டு. இத்தகைய முத்திரையைக் கையேட்டில் காட்டும்போது எழுத்துருவால் அடிக்காமல், அளவுகோலோடு எடுத்த புகைப்படத்தையே வைப்பது நல்லது. புகைப்படத்தில் உள்ள 10 மி.மீ. பட்டை பக்கத்தில் 28.3 பாயிண்ட் வரும்படி படத்தை நீட்டினாலோ சுருக்கினாலோ முத்திரை தானாகவே உண்மை அளவுக்கு வந்துவிடும்.

அச்சுக்கு அனுப்பும் முன்

கணினித் திரையில் அளந்து பார்த்து எதையும் உறுதி செய்ய முடியாது. வலைப்பக்கக் கணக்கில் ஓர் அங்குலம் 96 பிக்சல். ஒரு பெஸ் 1,119 பிக்சல். ஆனால் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் அதே கோடு வேறு வேறு நீளத்தில் தெரியும். உண்மை அளவு என்ற வாக்குறுதியைத் தாளில் மட்டுமே காப்பாற்ற முடியும்.

பக்கத்தின் வெட்டுக் குறிக்கு வெளியே 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு சோதனைக் கோடு போட வேண்டும். பிரிண்டரில் '100 சதவீதம்' அல்லது 'உண்மை அளவு' என்ற அமைப்பைத் தேர்ந்து, ஒரு தாளை அடித்து, எஃகு அளவுகோலால் அளக்க வேண்டும். 97 மி.மீ. வந்தால் பிரிண்டர் சுருக்கியிருக்கிறது. நூலின் எல்லாப் பெஸ்ஸும் விரலும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும். துணித் தட்டி, வினைல் அச்சு ஆகியவற்றில் பொருளே நீளக்கூடும் என்பதால், தொங்கவிட்ட பிறகு இன்னொரு முறை அளப்பது அவசியம்.

நூலின் பதிப்புப் பக்கத்தில், எழுத்துரு, தாள், அச்சக விவரங்களுக்குக் கீழே, இரண்டு வரி சேர்க்க வேண்டும்: "இந்நூலில் 1 ரோமானிய அடி = 296 மி.மீ.; 1 பாயிண்ட் = அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. அகழாய்வு அறிக்கைகளின் ஆங்கில அடிகள் மீட்டராக மாற்றப்பட்டுள்ளன." நாளை வேறொருவர் இதே படங்களை வேறு தாள் அளவில், வேறு மென்பொருளில் அமைக்க வரும்போது, மூலக் கோப்பு தொலைந்திருந்தாலும் இந்த இரண்டு வரியை வைத்து எல்லா அளவையும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.